ஆயுதக் கேஸ்

ராயபுரத்தில் இதை ஆயுதம் என்றுதான் சொல்வார்கள்.
"பெர்சு சுகப்பிரசவம், சின்னது ஆயுதம் போட்டு எட்த்தது"
என்று ஓ.பி. வரிசையில் ஒருத்தி சொன்னால்
போருக்குப் போய் வந்தவள் மாதிரி இருக்கும்.
என் கையில் இருப்பது
ஊறுகாய்க் கிண்ணம் அளவில் ஒரு கப்பு.
அதன் வாலில் ஒரு பம்ப்.

விடிகாலை மூன்று இருபது.
மோனிஷா, இருபத்து மூன்று வயது, காசிமேடு, தலைப்பிரசவம்.
இரண்டு மணி நேரமாக முக்குகிறாள்.
மானிட்டரில் குழந்தையின் துடிப்பு
நூற்று நாற்பதிலிருந்து வழுக்கி
தொண்ணூறில் உட்கார்ந்து
எழுந்திருக்க யோசிக்கிறது.

முதலில் சின்ன வேலைகள்.
டியூப் வைத்துச் சிறுநீரை வடிக்கிறேன்.
கர்ப்பவாய் முழுக்கத் திறந்ததா, விரலால் சுற்றிப் பார்க்கிறேன்.
வயிற்றின் மேல் ஒரு கை, உள்ளே ஒரு கை,
தலை எதுவரை இறங்கியிருக்கிறது.
அவள் காதருகே குனிந்து சொல்கிறேன், என்ன செய்யப்போகிறேன் என்று.
"சரி" என்று அவள் வாயிலிருந்து வரும்வரை நிற்கிறேன்.
குணசுந்தரி சிஸ்டர் கேட்காமலே
தியேட்டருக்குப் போன் போடுகிறார்,
தோற்றால் போக ஓர் இடம்.

பிறகு விரல் தேடுகிறது.
ஈர முடி. எலும்பு. எலும்பின் தையல்.
தையலோடு பின்னால் போனால்
மூன்று எலும்புகள் சந்திக்கும் சிறு பள்ளம்.
ஒன்றாம் வகுப்பில் நான் எழுதப் பயந்த ஆய்த எழுத்து,
உயிரிலும் சேராமல் மெய்யிலும் சேராமல்
தனியே நின்ற மூன்று புள்ளி,
இங்கே ஒரு மண்டையில் இருக்கிறது,
உயிருக்கும் மெய்க்கும் நடுவில்.

அதிலிருந்து இரண்டு விரற்கடை முன்னால் கப்பின் மையம்.
விளிம்பைச் சுற்றி வருகிறேன்: தாயின் சதை சிக்கவில்லை.
பம்ப். முள் பச்சையில் நிற்கிறது.
வலி வரட்டும்.
வலி வராமல் இழுத்தால் அதன் பெயர் பிடுங்கல்.

முதல் வலி. அவள் முக்க, நான் கூடவே, தரையைப் பார்த்து.
தலை இறங்குகிறது. கொஞ்சம்தான், ஆனால் நிஜம்.
இரண்டாம் வலி.
கோலி சோடா உடைவது போல் டப்பென்று
கப்பு கழன்று என் கையோடு வருகிறது.
மறுபடி வைக்கிறேன். மூன்றாம் வலி.
தோலின் வீக்கம் மட்டும் என் பக்கம் வருகிறது.
எலும்பு இருந்த இடத்தில் இருக்கிறது.
தெரியாத கண்ணுக்கு அது முன்னேற்றம்.
டப்.

"இன்னும் ஒரே ஒரு வாட்டி இஸ்துடு டாக்டரே, என்னால ஆவல."

தட்டில் ஃபோர்செப்ஸ் இருக்கிறது, இரண்டு நீண்ட இரும்பு இலைகள்.
அதையும் எனக்குத் தெரியும். இடது இலை முதலில்.
பூட்டு தானாக விழவேண்டும்,
விழாத பூட்டை அழுத்தக்கூடாது.
நல்ல கருவி. வேறொரு தலைக்கு, வேறோர் இரவில்.
கப்பு தோற்ற இடத்தில் அதை எடுப்பது
கடன் அடைக்கக் கடன் வாங்குவது.

நான்காவது முறையும் ஒரு தடவை இழுத்திருக்கிறேன்.
குழந்தை வந்துவிட்டது. கைகொடுத்தார்கள்.
ஆறு மணி நேரத்தில் தலைத்தோலுக்கு அடியில்
ரத்தம் காதுவரை இறங்கியிருந்தது.
அந்தக் கேஸ் ஷீட்டின் எண்
என் போன் நம்பரைவிட எனக்கு மனப்பாடம்.

கப்பைத் தட்டில் வைத்தேன்.
"இல்லம்மா. இழுக்க மாட்டேன். தியேட்டருக்குப் போறோம்."
ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் கோணலாகவே ஓடியது.

நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கு அழுதாள்.
உச்சியில் கப்பு உட்கார்ந்த இடம்
சின்ன இட்லி மாதிரி வீங்கியிருந்தது.
நாளைக்குள் வற்றிவிடும் என்று எனக்குத் தெரியும்.
ஆனாலும் மணிக்கொரு முறை டேப்போடு போய்
அந்தத் தலையை அளந்தேன்.
வெளியே டில்லிபாபு, சட்டையில் மீன் செதில் காய,
"ஆயுதமா மேடம், ஆபரேஷனா?"
"ரெண்டும்தான்" என்றேன்.
அவன் எதற்குச் சந்தோஷப்படுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தான்.

பிறகு கேஸ் ஷீட். வேக்வம், மூன்று இழுப்பு,
இரண்டு முறை கழன்றது,
அதற்கடுத்த வார்த்தையை ஆங்கிலத்தில் சுலபமாக எழுதிவிட்டேன்.
தமிழில் அது கைவிட்டேன்.
கைவிட்ட பிள்ளை பக்கத்து வார்டில்
பாலுக்கு அழுகிறது.